நிலுவை மாறினால் கடன் தீருமா?



விழா மேடைக்கு உரிய பொருள்கள் பல இருக்க, இவ்வுரைக்குக் கடன் அட்டை என்னும் பொருள் எடுத்துக்கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. கோயிலுக்குக் கொடுப்பதும் உறவினர்க்குச் செய்வதும் ஊரறிய நடக்கின்றன. கடன் அட்டையின் நிலுவையோ உடன் வாழ்பவர்க்கும் தெரியாமல் வளர்கிறது. பாக்கி கேட்டு எவரும் திண்ணையில் வந்து உட்காருவதில்லை. மாதம் ஒருமுறை கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அதைப் பார்த்தவர் வாய் திறப்பதில்லை. தந்தையின் நிலுவையைப் பிள்ளை அறிவதில்லை. பிள்ளையின் நிலுவையைத் தந்தை அறிவதில்லை. தெரிய வரும் நாளில் அது ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சேமிப்பை விழுங்கியிருக்கிறது.

அந்த நிலுவையின் சுமையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு வங்கியின் அட்டையில் நிற்கும் பாக்கியை மற்றொரு வங்கி தன் அட்டைக்கு மாற்றிக்கொண்டு, சில மாதங்களுக்குக் குறைந்த வட்டி வாங்கும் ஏற்பாடு அது. வங்கியார் இதனைப் பேலன்ஸ் டிரான்ஸ்பர் என்பர். தமிழில் நிலுவை மாற்றம் எனலாம். இதனால் நன்மை விளைவதும் உண்டு. கட்டணங்கள் கையைக் கடிப்பதும் உண்டு. எப்போது எது விளையும் என்பதைக் கணக்கோடு காட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

பெயர் புதிதே தவிர, செயல் தறி ஊர்களுக்குப் புதிதன்று. நெசவாளர் ஒருவர் தமக்குத் தொழில் தரும் முதலாளியிடம் முன்பணம் பெறுவார். கல்யாணத்திற்கோ வைத்தியத்திற்கோ வாங்கிய அந்தப் பணம் பாக்கியாக நிற்கும். அவர் வேறொருவரிடம் தறி நெய்யப் போக விரும்பினால், புதிய முதலாளி பழைய பாக்கியை அடைத்து அவரை அழைத்துக்கொள்வார். அதனால் பாக்கி தீர்ந்துவிடுவதில்லை. பாக்கிக்கு உரியவர் மாறுகிறார், அவ்வளவே. புதிய இடத்தில் கிடைக்கும் கூடுதல் கூலியைக் கொண்டு மாதந்தோறும் பாக்கியைக் கழித்தவர் நிமிர்ந்துவிடுவார். மாறும்போதே இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கிக்கொண்டவர் முன்னிலும் ஆழமாகக் கட்டுப்படுவார்.

அடகு வைத்த நகைக்கும் இதுவே வழி. அடகுக் கடையில் கூடிய வட்டிக்கு இருக்கும் வளையலை மீட்டு, குறைந்த வட்டிக்குக் கூட்டுறவு வங்கியில் வைப்பதை இல்லத்தரசிகள் பலர் செய்திருக்கிறார்கள். அதுவும் நிலுவை மாற்றமே. கடன் அட்டையில் மட்டும் அந்தக் கணக்கறிவு ஏன் மழுங்கிவிடுகிறது என்பதே கேள்வி.

முதற்காரணம், வட்டியைச் சொல்லும் முறை. ஊர் வழக்கில் வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்பதே பேச்சு. ஒரு ரூபாய் வட்டி நியாயம். இரண்டு ரூபாய் வட்டி கடினம். மூன்று ரூபாய் வட்டி என்றால் எவரும் எழுந்து போய்விடுவர். ஆனால் பல வங்கிகளின் கடன் அட்டைகளுக்கு மாத வட்டி 3½ சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அதன்மேல் 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, சேர்கிறது. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு மாதம் 4 ரூபாய் 13 காசு. நான்கு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறோம் என்று எவரும் எண்ணுவதில்லை. கார்டில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றே எண்ணுகிறார்கள்.

இந்த வட்டிக்கு உச்ச வரம்பு உண்டா என்று கேட்கலாம். முப்பது சதவீதத்திற்கு மேல் ஆண்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது. ஆகவே வட்டி மிகுதி என்று முறையிட்டு மீளலாம் என நம்பியிருப்பது பயன் தராது. கடனாளி தன் கணக்கைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாம் காரணம், குறைந்தபட்சத் தொகை என்னும் சொல். மாதப் பட்டியலில் மொத்தத் தொகை ஒன்றும் குறைந்தபட்சத் தொகை ஒன்றும் அச்சாகும். குறைந்தபட்சத்தைக் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது. ஆனால் வட்டி நிற்காது. மொத்தத்தையும் கட்டாதவர்க்கு வட்டியில்லாக் காலம் என்னும் சலுகையும் போய்விடும். பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அடுத்து வாங்கும் புதிய பொருளுக்கும் அப்படியே.

ஓர் எடுத்துக்காட்டு. மகளின் திருமணத்திற்காகக் காந்தி சாலையில் முகூர்த்தப் பட்டும் உறவினர்க்குச் சேலைகளும் எடுத்த ஒருவர்க்கு அட்டையில் 1,00,000 ரூபாய் நிற்கிறது எனக் கொள்க. மேற்கொண்டு ஒரு ரூபாய்க்கும் அந்த அட்டையை அவர் பயன்படுத்தவில்லை. மாதம் தவறாமல் 5,000 ரூபாய் கட்டுகிறார். முதல் மாத வட்டி 3,500; அதற்கு வரி 630. ஆக 4,130 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போகிறது. அசலில் கழிவது 870 ரூபாய் மட்டுமே. ஓராண்டில் 60,000 ரூபாய் கட்டியிருப்பார். அப்போதும் நிலுவை ஏறத்தாழ 86,800 ரூபாய். இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் தீர 44 மாதங்கள் ஆகும். மொத்தம் கட்டியது ஏறத்தாழ 2,16,000 ரூபாய். மணமகள் கட்டிய சேலைக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தாகிவிட்டது.

இந்த நிலையில் உள்ளவர்க்கு நிலுவை மாற்றம் உதவுமா? அதே ஒரு இலட்சத்தை மற்றொரு வங்கி மாதம் 1½ சதவீத வட்டிக்கு, குறையும் அசலின்மேல் கணக்கிட்டு, 12 மாதத் தவணையில் ஏற்கிறது எனக் கொள்க. செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதாவது 2,000 ரூபாய். அதற்கு வரி 360. மாதத் தவணை 9,168 ரூபாய். ஓராண்டு வட்டி 10,016; வட்டிக்கு வரி 1,803. கட்டணமும் வட்டியும் வரிகளும் சேர்ந்து மொத்தச் செலவு 14,179 ரூபாய். பழைய அட்டையிலேயே வைத்து, அதே 12 மாதத்தில் தீர்த்திருந்தால் செலவு ஏறத்தாழ 28,830 ரூபாய். ஆக மிச்சம் ஏறத்தாழ 14,650 ரூபாய். இது சிறிய தொகையன்று.

ஆயினும் அந்த மிச்சம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. மாதம் 5,000 கட்டியவர் இப்போது, வட்டி மீதான வரியும் சேர்த்து, 9,400 ரூபாய் அளவுக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் வீட்டு வருமானத்தில் உண்டா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். நிலுவை மாற்றம் தருவது அவகாசம் மட்டுமே. அசலை அடைக்கும் பணத்தை அது தருவதில்லை.

இனிக் கட்டணங்கள். அவற்றை ஒவ்வொன்றாக அறிந்தால் பலவற்றைத் தவிர்க்கலாம். தவிர்க்க இயலாததைக் கணக்கில் சேர்க்கலாம்.

முதலாவது, செயலாக்கக் கட்டணம். வட்டியே இல்லை என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்களிலும் இது இருக்கும். இதனைச் சதவீதமாக மட்டும் பார்க்கக் கூடாது; சலுகை மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன 2,360 ரூபாய்க் கட்டணத்திற்கு மூன்று மாதம் வட்டியில்லாச் சலுகை கிடைத்தால், மாதத்திற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 79 காசு வட்டி கொடுத்ததற்கு ஒப்பாகும். நான்கு ரூபாயோடு ஒப்பிட இது குறைவுதான். ஆனால் மூன்று மாதத்தில் கடன் தீராமல், மீண்டும் ஒரு வங்கி, மீண்டும் ஒரு கட்டணம் என்று அலைந்தால், ஆண்டுக்கு நான்கு முறை கட்டணம் கொடுத்தும் அசல் அப்படியே நிற்கும். கட்டணம் குறைந்தபட்சம் இவ்வளவு ரூபாய் என்று வரையறுக்கும் வங்கிகளும் உண்டு. சிறு நிலுவையை மாற்றுவோர்க்கு அது சதவீதத்தை விட மிகுதியாக விழும்.

இரண்டாவது, வரி. கட்டணத்திற்கும் வரி, கடன் அட்டையின் வட்டிக்கும் வரி. தொலைபேசியில் அழைப்பவர் சொல்லும் தவணைத் தொகையில் வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகக் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாவது, நிலை வட்டி. மாதம் ஒரு சதவீதமே என்று சொல்வார்கள். அந்த ஒரு சதவீதம் குறைந்துவரும் அசலுக்கா, தொடக்கத்தில் இருந்த முழு அசலுக்கா என்று கேட்க வேண்டும். ஒரு இலட்சத்திற்குப் பன்னிரண்டு மாதமும் முழு அசலின்மேல் ஒரு சதவீதம் என்றால் வட்டி 12,000 ரூபாய். மாதந்தோறும் அசல் அடைபட்டுக்கொண்டே வருவதால் உண்மையான ஆண்டு வட்டி 12 சதவீதமன்று. ஏறத்தாழ 21½ சதவீதம். ஆண்டு வட்டி விகிதம் எவ்வளவு என்னும் ஒரே கேள்வி இந்தத் திரையை விலக்கிவிடும்.

நான்காவது, சலுகைக்குப் பிந்திய வட்டி. சலுகைக் காலம் முடிந்த மறுநாள் மீதி நிலுவைக்கு வழக்கமான வட்டி தொடங்கும். தவணை ஒன்று தவறினாலே சலுகை போய்விடும் என்று விதித்திருக்கும் திட்டங்களும் உண்டு. விதிமுறைத் தாளில் முதலில் படிக்க வேண்டிய வரி அதுவே.

ஐந்தாவது, முன்கூட்டி முடிக்கும் கட்டணம். அறுவடைப் பணமோ போனசோ வந்து தவணைக் காலத்திற்கு முன்பே அடைக்க நினைத்தால், அதற்கும் கட்டணம் கேட்பதுண்டு. இதனைச் சேரும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது, இடைவெளியில் விழும் தாமதக் கட்டணம். புதிய வங்கி பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டது என்று பழைய அட்டையைக் கட்டாமல் இருந்துவிடுவோர் உண்டு. பணம் பழைய கணக்கில் வரவு வைக்கப்படும் வரை அது கடனாளியின் பொறுப்பே. வரவு வந்த பின்னும், முந்திய பட்டியல் நாள் தொடங்கி வரவு நாள் வரை ஓடிய வட்டி அடுத்த பட்டியலில் வரும். தீர்ந்துவிட்டது என்று எண்ணி அதனைக் கவனியாது விட்டால், சில நூறு ரூபாய் பாக்கிக்காகத் தாமதக் கட்டணமும் கடன் வரலாற்றில் கரும்புள்ளியும் சேரும். நெய்யும்போது இழை அறுந்தால் அப்போதே முடிந்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சேலையே குறைப்படும்.

இந்த இடத்தில் கடனாளிக்குத் துணையாக உள்ள விதிகளையும் சொல்ல வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் கடன் அட்டைகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றுள் பெரும்பாலானவை அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. கெடு நாளுக்குப் பின் மூன்று நாள்களுக்கு மேல் தவறினால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதுவும் கட்டாமல் நின்ற தொகையின் மேல்தான். கேட்காமல் அட்டை அனுப்பக் கூடாது. வெளிப்படையான சம்மதமின்றிக் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது. தவணையாக மாற்றும்போது அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று முன்கூட்டியே தெளிவாகக் காட்ட வேண்டும். நிலுவை அனைத்தும் தீர்ந்த பின் அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளர்க்குத் தர வேண்டும். வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாள்களில் தீர்வு வரவில்லையெனில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

விதிகளுக்குப் புறம்பான நிலுவை மாற்றமும் சந்தையில் நடக்கிறது. சில கடைகளில் ஒருவர் அட்டைப் பாக்கியைத் தம் பணத்தால் கட்டிவிட்டு, உடனே அதே அட்டையைத் தம் இயந்திரத்தில் தேய்த்து, பொருள் விற்றது போல் காட்டி, தமக்கு உரிய தரகோடு எடுத்துக்கொள்கிறார். தரகு நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு இருபத்துநான்கு ரூபாய். அசலில் ஒரு காசும் குறையாது. விற்காத பொருளுக்கு விற்பனை எழுதுவது பொய்க் கணக்கு. வங்கி கண்டறிந்தால் அட்டையே முடங்கும். அட்டையைப் பிறர் கையில் கொடுத்ததால் விளையும் இழப்பும் கொடுத்தவர் தலையிலேயே விழும்.

அதனினும் கொடியது, நிலுவையை மாற்றித் தருகிறோம் என்று அழைத்து அட்டை எண்ணையும் ஓடிபியையும் கேட்கும் மோசடி. எந்த வங்கியும் ஓடிபியைத் தொலைபேசியில் கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

நிலுவை மாற்றம் ஒன்றே வழியன்று. வீட்டில் நகை இருப்பின் வங்கி நகைக் கடனும், ஆயுள் காப்பீட்டுப் பாலிசி இருப்பின் அதன்மேல் பெறும் கடனும் அட்டை வட்டியை விடப் பெரிதும் குறைந்த வட்டிக்குக் கிடைக்கும். ஆனால் ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும்: அட்டைக் கடனுக்கு ஈடு இல்லை, நகைக் கடனுக்கு நகையே ஈடு. அடைக்க வழியின்றி மாற்றினால் நகையும் ஏலத்திற்குப் போகும். நெசவாளர்க்கு முத்ரா திட்டத்தின் கீழ் 6 சதவீத வட்டியில் தொழிற்கடன் உண்டு. முன்னர் நெசவாளர் கடன் அட்டை என்று ஒரு திட்டமும் இருந்தது. அவை பாவுக்கும் ஊடைக்கும் உரிய பணம். அதனை எடுத்துச் சேலை வாங்கிய கடனை அடைத்தால் தறி நின்றுவிடும்; தறி நின்றால் எந்தக் கடனும் அடையாது.

நிலுவையை மாற்றிய பின் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலோர் வழுக்கி விழுவது அங்கேதான். பழைய அட்டையின் வரம்பு இப்போது காலியாக இருக்கிறது. ஓர் இலட்சம் கைக்கு வந்தது போன்ற மயக்கம் தோன்றும். தீபாவளி வரும், அட்டை மீண்டும் தேயும். ஆறு மாதத்தில் புதிய அட்டையில் தவணையும் பழைய அட்டையில் நிலுவையும் என இரண்டு கடன்கள் நிற்கும். ஆகவே மாற்றிய மாதத்திலேயே பழைய அட்டையை மூடுவது நலம். மூட விருப்பமில்லையெனில் வரம்பையாவது குறைத்துக்கொள்ளலாம். அட்டைப் பரிவர்த்தனைகளுக்கான வரம்பை உரியவரே வரையறுக்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-இல் பணித்தது. வங்கியின் செயலியிலேயே அதனைச் செய்யலாம். மிகுபொருள் விரும்பாமை என்று இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட நோன்பின் பொருள், தன் பொருளுக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்ளுதல் என்பதாகும். வங்கி வகுக்கும் எல்லை அவர் எவ்வளவு தாங்குவார் என்பதைக் காட்டலாம். எவ்வளவு தேவை என்பதை அவரே வகுக்க வேண்டும்.

முடிவாக, நிலுவையை மாற்ற எண்ணுவோர் ஒரு தாளை எடுத்து ஐந்து எண்களை எழுத வேண்டும்: இன்றுள்ள நிலுவை, வரியோடு சேர்ந்த இன்றைய மாத வட்டி, புதிய இடத்தில் வரியோடு சேர்ந்த மொத்தக் கட்டணமும் வட்டியும், சலுகை மாதங்களின் எண்ணிக்கை, மாதந்தோறும் உறுதியாகக் கட்டக்கூடிய தொகை. கடைசி எண்ணைச் சலுகை மாதங்களால் பெருக்கினால் நிலுவையும் செலவும் சேர்ந்த தொகை வருமானால் மாற்றலாம். வரவில்லையானால், மாற்றுவதற்கு முன் வேறு வழியைத் தேட வேண்டும்.

அந்தத் தாளைத் தனியே எழுதி மடித்து வைக்காமல், வீட்டில் விளக்கேற்றிய பின் எல்லாரும் அமர்ந்திருக்கும் நேரத்தில் நடுவில் வைத்து எழுதுவது மேலும் நல்லது. ஒருவர் மட்டும் அறிந்த கடன் ஒருவரால் மட்டுமே சுமக்கப்படுகிறது. வீடு முழுதும் அறிந்தால், இந்த ஆண்டு ஒரு சேலை குறையட்டும் என்று தாய் சொல்வாள். அந்தப் பயணம் அடுத்த ஆண்டு ஆகட்டும் என்று பிள்ளை சொல்வான். கடன் குறையத் தொடங்குவது அந்தப் பேச்சிலிருந்துதான். வங்கி மாறுவது அதற்குப் பிறகு செய்யும் வேலை.